கரும்பைத் தொட்ட காளை
கம்பம் பள்ளத்தாக்கின் கால்நடை வரலாறு: பகுதி 11

கம்பம் நகரிலுள்ள தம்பிரான் மாட்டுத் தொழுவில் ஒரு காளைக்குப் பட்டம் கட்டி, அதனை மந்தைக்கு அரசனாகவும் நந்தகோபால சாமியாகவும் வைத்துப் போற்றும் வழக்கம், 1906-ஆம் ஆண்டு டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடியில் ஏறியபோதே பல தலைமுறை கண்ட பழைய வழக்கமாக இருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலும் இச்செய்தி இடம்பெற்றது. தொழு என்பது மாடு அடைக்கும் பட்டியைக் குறிக்கும் சொல். வணங்குதலையும் அதே சொல்லால் குறிப்பது தமிழின் இயல்பாக அமைந்திருக்க, இந்த ஒரு தொழுவில் இரண்டு பொருளும் ஒன்றாகவே நிற்கின்றன. சென்ற பகுதியில், 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இறங்கியபின் பள்ளத்தாக்கின் உழவு மாறிய விதம் விரிவாகப் பேசப்பட்டது. அந்த உழவையும் பாரத்தையும் தாங்கிய மாட்டினத்தின் தலைமைக் காளை எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது, அதன் புகழும் மரபும் எவ்வழியாக அடுத்த தலைமுறைக்குச் சென்றன என்பவற்றை இப்பகுதி ஆராய்கிறது. உலகெங்கும் பந்தயக் குதிரைகளைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு இதற்கு நல்ல உரைகல்லாக அமைவதால், அதுவும் இடையிடையே ஒப்பு நோக்கப்படுகிறது.

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, காப்பிலியர் என்று பழைய பதிவுகள் குறிப்பிடும் ஒக்கலிகர் சமூகத்தார் கன்னட நாட்டிலிருந்து பெயர்ந்து இப்பள்ளத்தாக்கிற்கு வந்தபோது தம் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. அம்மந்தையைக் கன்னடத்தில் தேவரு ஆவு என்றும் தமிழில் தம்பிரான் மாடு என்றும் அழைப்பர். இரண்டும் தெய்வத்துக்கு உரிய மாடுகள் என்றே பொருள்படும். இம்மந்தையைச் சேர்ந்த மாடுகளை ஏரில் பூட்டுவதில்லை, பசுக்களைக் கறப்பதில்லை, இறந்தால் தோலுரிக்கவிடாமல் புதைத்துவிடுவது என்ற மூன்று கட்டுப்பாடுகளை அக்காலப் பதிவுகளில் காண முடிகிறது. மாட்டின் உழைப்பு, பால், தோல் ஆகிய மூன்றும் உழவர் குடும்பத்தின் வருவாயாக இருந்த ஒரு காலத்தில், அம்மூன்றையும் துறந்து ஒரு மந்தையை வளர்ப்பது எளிய செயலன்று. பக்தி என்ற ஒரு சொல்லால் மட்டும் இதை விளக்கிவிடவும் இயலாது. பால் முழுவதும் கன்றுக்கே போகும் மந்தையில் கன்று நன்கு தேறும் என்பதும், நுகத்தடி ஏறாத காளை தன் உடற்கட்டைக் குலைத்துக்கொள்ளாமல் வளரும் என்பதும் மாடு வளர்ப்போர் அனைவரும் அறிந்தவை. இனவிருத்திக்கென்றே ஒதுக்கி வைத்த பண்ணை ஒன்றில் இன்றைய கால்நடை அறிவியல் எதைச் செய்யச் சொல்லுமோ, அதற்கு மிக நெருக்கமான ஒன்றைக் கம்பத்து உழவர்கள் சமயக் கட்டுப்பாட்டின் வடிவில் செய்து வந்தனர் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

மந்தையின் தலைமைக் காளை பட்டத்துக் காளை எனப்பட்டது. அது இறந்தபின் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பிரான்சிஸின் சுவடி சற்று விரிவாகவே பதிந்து வைத்திருக்கிறது. நல்ல நாள் பார்த்து மந்தை முழுவதையும் ஓரிடத்தில் கூட்டுவர். கர்ப்பூரம் ஏற்றி, வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் படைத்து வழிபாடு நடத்துவர். அதன்பின் ஒரு கட்டுக் கரும்பைக் கொண்டுவந்து மந்தையின் முன் வைத்துவிட்டு விலகி நின்று பார்ப்பர். கூட்டத்தில் நிற்கும் காளைகளுள் எது தானாக முன்வந்து அக்கரும்பைத் தின்கிறதோ, அதுவே புதிய பட்டத்துக் காளை. உடனே அதன் மேல் மஞ்சளும் குங்குமமும் பூசி, மாலையிட்டு, ஊர்வலமாகத் தொழுவுக்கு அழைத்துச் செல்வர். அன்றுமுதல் அது உயிரோடிருக்கும் வரை தெய்வமாகவே கொள்ளப்படும். மாட்டுப் பொங்கலன்று அதற்குச் சிறப்பு வழிபாடு உண்டு. அதைப் பேணும் பொறுப்பு பட்டக்காரர் எனப்படும் ஒருவருக்கு உரியது. அப்பொறுப்பு தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது, அதற்கென மானிய நிலமும் விடப்பட்டிருந்தது. மானியம் என்பது ஒரு பணிக்கு ஈடாக வரியின்றியோ குறைந்த வரியிலோ அனுபவிக்கக் கொடுக்கும் நிலம்.

இச்சடங்கில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கரும்புக்கட்டை நோக்கி முதலில் நடந்துவரும் காளை, கூட்டத்துக்கும் கொட்டு முழக்குக்கும் புகைக்கும் மிரளாத காளையாக இருக்க வேண்டும். தன்னைவிட வலுவான காளை ஒன்று அருகில் நின்றால் இளைத்த காளை கரும்பில் வாய் வைக்கத் துணியாது என்பதால், மந்தைக்குள் ஏற்கெனவே மேலோங்கி நிற்பதாகவும் இருக்க வேண்டும். தின்னும் ஆர்வம் குன்றாத உடல்நலமும் வேண்டும். துணிவு, மேலாதிக்கம், உடல்நலம் ஆகியவற்றை ஒரு கட்டுக் கரும்பு சோதித்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, தேர்வு மனிதர் கையிலிருந்து விலக்கப்படுகிறது. இன்னாருடைய கொட்டிலில் பிறந்த காளை, இன்னார் பரிந்துரைத்த காளை என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி, ஊரார் அனைவரும் பார்த்திருக்க மாடே தன் தலைவனைக் காட்டிவிடுகிறது. இனவிருத்திக் காளையைத் தெரிவு செய்வதில் செல்வாக்கு நுழைந்தால் மாட்டினம் கெடும் என்பதை உணர்ந்தவர்களே இத்தகைய ஏற்பாட்டை நிலைக்கவிட்டிருப்பர்.

குதிரைப் பந்தய உலகம் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. ஆங்கிலத்தில் தரோப்ரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனம், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழ்த்திசை நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட பொலிகுதிரைகளை அந்நாட்டுப் பெண் குதிரைகளோடு இணைத்து உருவாக்கப்பட்டது. பொலிகுதிரை என்பது, பொலிகாளை என்பதைப் போல, இனவிருத்திக்கென வைத்திருக்கும் ஆண் விலங்கைச் சுட்டும். பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று பொலிகுதிரைகளிலேயே இன்றுள்ள எல்லாத் தரோப்ரெட் குதிரைகளின் தந்தைவழியும் சென்று முடிகிறது. இவற்றுள் டார்லி அரேபியன் 1704-இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து சென்றது. அதன் வழியில் வந்த எக்லிப்ஸ் என்ற குதிரையே ஒரு வெற்றி விலங்கின் வாழ்வு எவ்வளவு நீண்ட நிழலை வீச முடியும் என்பதற்கு உலகில் இதுவரை கிடைத்த மிகப் பெரிய சான்று.

1764 ஏப்ரல் 1-ஆம் நாள் சூரிய கிரகணத்தின்போது பிறந்ததால் கிரகணம் என்று பொருள்படும் அப்பெயரைப் பெற்ற எக்லிப்ஸ், அதை வளர்த்த கம்பர்லாந்து கோமகன் மறுஆண்டே இறந்துவிட, லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் இறைச்சிக்கான கால்நடை வணிகம் செய்துவந்த வில்லியம் வைல்ட்மேனின் கைக்கு வந்தது. மாட்டுச் சந்தையில் கண் பழகிய ஒருவரே அக்குதிரையின் தகுதியைக் கண்டுகொண்டார் என்பது இத்தொடரை வாசிப்போருக்கு வியப்பளிக்காது. 1769, 1770 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 18 பந்தயங்களில் அது ஓடியது, ஒன்றிலும் தோற்கவில்லை. எதிர்த்து ஓடக் குதிரை வராமல் தனியாகத் தடத்தைச் சுற்றி வந்து பரிசு பெற்ற நாட்களும் அவற்றுள் அடங்கும். பின்னர் டெனிஸ் ஓகெல்லி என்பவருக்கு உரியதாகிப் பொலிகுதிரையாக வாழ்ந்து, 1789-இல் இறந்தது. அதன் உடலைக் கூறுசெய்து ஆராய்ந்த பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் சார்ல்ஸ் வியல் த சான்பெல், 1791-இல் லண்டனில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவரானார். இன்று உலகில் உள்ள ஆண் தரோப்ரெட் குதிரைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை தந்தைவழியில் எக்லிப்ஸின் சந்ததியே.

இதை இவ்வளவு உறுதியாகக் கூற முடிவதற்குக் காரணம் குதிரையின் வேகமன்று, ஒரு பதிவேடு. 1791-இல் ஜேம்ஸ் வெதர்பி தொகுத்து வெளியிட்ட வம்சப் பதிவேட்டில் குதிரைகளின் தாய் தந்தையர் பெயர்கள் எழுதப்பட்டன. அதன்பின் அப்பதிவேட்டில் தாயும் தந்தையும் ஏறியிராத குதிரை தரோப்ரெட் எனும் பெயருக்கே உரிமையற்றதாயிற்று. இந்தியாவில் 1777 முதல் பந்தயம் நடந்துவந்ததாகக் கூறப்படும் சென்னை கிண்டித் திடலிலும், 1943 முதல் இந்தியன் டெர்பி ஓடும் மும்பை மகாலட்சுமித் திடலிலும் இறங்கும் ஒவ்வொரு குதிரைக்கும் பின்னால் இத்தகைய வம்ச ஏடு உண்டு. கம்பத்து மந்தைக்கு அப்படிப்பட்ட ஏடு எழுதப்படவில்லை. எந்தப் பட்டத்துக் காளை எந்தப் பசுவின் கன்று, அதற்கு முன்னிருந்தது எத்தனை ஆண்டு பட்டத்தில் இருந்தது என்பவை தொழுவைச் சார்ந்தோரின் நினைவில் வாழ்ந்து நினைவோடு மறைந்தன. ஒவ்வொரு பட்டத்துக் காளைக்கும் ஒரே பெயர், நந்தகோபால சாமி; மன்னர் மாறினாலும் பட்டப்பெயர் மாறாத அரசமரபைப் போல, தனி விலங்கின் பெயர் இங்கே முன்னிற்கவில்லை. குதிரை உலகம் பெயரைக் காத்து அதன் வழியே இரத்தத்தைக் காத்தது. கம்பம் தொழுவைக் காத்து அதன் வழியே இரத்தத்தைக் காத்தது. வரலாறு எழுதுவோருக்கு முதல் முறையே வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எழுத்தறிவும் பணமும் உடைய ஒரு சிறு வட்டத்தின் கையில் மட்டுமே முதல் முறை நிற்க முடியும் என்பதும், இரண்டாவது முறையை ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து நடத்தியது என்பதும் எண்ணத்தக்கவை.

பொலிகாளை ஒன்றைப் பொதுவில் காத்து வைப்பதன் தேவை, உழவு மாட்டின் நிலையை அறிந்தால் தெளிவாகும். ஏருக்கும் வண்டிக்கும் பழக்கும் எருதுகளுக்குக் காயடிப்பது, அதாவது விதையை நசுக்கி ஆண்மை நீக்குவது, நெடுநாளைய வழக்கம். அதனால் எவ்வளவு சிறந்த எருதாயினும் அதன் திறன் அதனோடு முடிந்துவிடும். குதிரைகளிலும் இந்நிலை உண்டு: அமெரிக்காவில் 1960 முதல் 1964 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவ்வாண்டின் சிறந்த குதிரை எனத் தேர்வு பெற்ற கெல்சோ, காயடிக்கப்பட்ட குதிரையாதலால், அதற்கு வாரிசு இல்லை. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை எவர் வயலில் மேய்ந்தாலும் அடிக்கப்படாமல் திரிந்ததும், ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுவே பொலிகாளையாக இருந்ததும் இத்தேவையிலிருந்து பிறந்த ஏற்பாடுகளே. கம்பத்தில் அவ்வேற்பாடு ஒரு காளையோடு நில்லாமல் முழு மந்தையாக விரிந்தது என்பதே அதன் தனிச்சிறப்பு.

கன்னட நாட்டு மாடுகளின் நடைவேகம் போர் வரலாற்றிலும் இடம்பெற்றது. மைசூர் உடையார் காலத்தில் அரண்மனைக்கெனத் தொடங்கிய மாட்டுப் பண்ணை ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் கையில் பீரங்கி இழுக்கும் படைப்பிரிவாகவே வளர்ந்து, அமிர்த மகால் என்ற பெயரைப் பெற்றது. சிதம்பரத்துக்கு உதவச் சென்ற ஹைதரின் படை இரண்டரை நாளில் 100 மைல் கடந்தது அம்மாடுகளாலேயே என்று மைசூர் மாடுகளைப் பற்றிய பழைய நூல்கள் மீண்டும் மீண்டும் குறிப்பிடுகின்றன. அந்நாட்டிலிருந்து வந்ததாக மரபு கூறும் மந்தையின் வழியே பள்ளத்தாக்கில் பரவிய மாடுகளும் ஒல்லியான உடலும் உறுதியான குளம்பும் விரைந்த நடையும் உடையனவாக மதிக்கப்பட்டன. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1928-இல்தான். கம்பத்துக்கோ கூடலூருக்கோ அது வரவேயில்லை. ஆகவே மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயும் பள்ளத்தாக்கின் நெல்லும் நெடுங்காலம் மாட்டு வண்டியிலேயே பயணம் செய்தன. எந்த எருது எத்தனை நாழிகையில் எந்த ஊரை எட்டும் என்ற பேச்சு வண்டிப்பேட்டைகளில் எழுவது இயற்கை. அப்பேச்சே போட்டியாக மாறியிருக்கும் என்று கருத இடமுண்டு.

இன்று தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், சின்னமனூர், கூடலூர் முதலிய ஊர்களின் சாலைகளில் கோயில் திருவிழாவையொட்டியும் தலைவர்களின் பிறந்தநாளையொட்டியும் நடைபெறும் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம் அவ்வகையில் வளர்ந்த ஒன்று. (கோம்பை என்ற பெயரைக் கேட்டதும் வெளியூரார் நினைப்பது அவ்வூரின் பெயரால் வழங்கும் வேட்டை நாயை, நாயினம் ஒன்றும் மாட்டினம் ஒன்றுமாக இரண்டைத் தனக்கென வளர்த்துக்கொண்ட பள்ளத்தாக்கு இது.) பந்தயத்தில் மாடுகள் பருவத்துக்கும் உருவத்துக்கும் ஏற்பப் பிரிக்கப்படுகின்றன. சிறியவற்றுக்குத் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, புள்ளிமான் என்றும், வளர்ந்தவற்றுக்குக் கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்றும் பெயர். பெரிய பிரிவுக்குத் தொலைவு கூடுதலாகவும் சிறிய பிரிவுக்குக் குறைவாகவும் மைல் கணக்கில் வகுக்கப்படும். கணக்குப் புத்தகத்தின் எண்களால் அன்றிப் பறவையும் மானும் தும்பியுமாக மாட்டை வகைப்படுத்திய மனம், வேகத்தைக் கண்ணால் கண்டு பெயரிட்ட மனம்.

எந்த மாடு எந்தப் பிரிவு என்பதை உறுதிசெய்வதற்குப் பல் பார்ப்பதே முதன்மையான வழி. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைச் சற்று உயர்த்தி, பெருவிரலால் கீழுதட்டை விலக்கினால் மாட்டின் முன்பல் வரிசை தெரியும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. கீழே மட்டும் எட்டு. கன்றின் பால் பற்கள் சிறியனவாகவும் அரிசி போல் வெளுத்தும் இருக்கும். ஏறத்தாழ இரண்டு வயதில் நடுவிலுள்ள இரண்டும் விழுந்து, அகன்ற நிலைப்பற்கள் இரண்டு முளைக்கும். அது இரண்டு பல் மாடு. அதன்பின் இருபுறமும் ஒவ்வொன்றாக இணை இணையாய் விழுந்து முளைத்து நான்கு பல், ஆறு பல் என ஏறி, எட்டும் நிரம்பியபின் அது பல் சேர்ந்த மாடு. பிறந்த நாளைப் பற்றி உரிமையாளர் என்ன சொன்னாலும் பல் மறைக்காது. தரோப்ரெட் குதிரைக்கோ வயது நாட்காட்டியால் கணக்கிடப்படுகிறது: வடகோளத்தில் எந்த மாதம் பிறந்த குதிரையும் ஜனவரி 1-இல் ஒரு வயது கூடியதாகக் கொள்ளப்படும். இதனால் டிசம்பரில் பிறந்த குட்டி ஒரு மாதம் நிரம்புமுன்பே ஒரு வயதுக் குதிரையாகிவிடும் என்பதற்காக, பண்ணையார்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறக்குமாறு இணைசேர்க்கையைத் திட்டமிடுகின்றனர். பல்லைப் பார்க்கும் முறையில் இத்தகைய இடர்ப்பாடு எழுவதில்லை.

பந்தய வண்டியில் பாரம் இல்லை. அச்சும் இரண்டு சக்கரமும் நீண்ட ஏர்க்காலும் அதன் முனையில் நுகத்தடியும் கொண்ட இலேசான வண்டி அது. வண்டியை ஓட்டுபவர் சாரதி. அவருக்குத் துணையாக இறங்கி ஓடியும் மீண்டும் தொற்றியும் மாடுகளைச் செலுத்துபவர் துணைச் சாரதி. புறப்பட்ட இடத்திலிருந்து குறித்த தொலைவில் நட்ட கொடியைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். கொடியை முதலில் எட்டும் வண்டிக்குத் தனியாகக் கொடிப் பரிசு உண்டு. திரும்பும் அந்த இடத்தில்தான் இணையின் தரம் தெரியவரும்: உள்வட்டத்தில் வரும் மாடு காலைச் சுருக்கி நிற்க, வெளிவட்டத்து மாடு எட்டி வைக்க வேண்டும், இரண்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால் நுகம் கோணி, வண்டி சாலையை விட்டு இறங்கும். குதிரைப் பந்தயத்தில் வெல்வது ஒரு குதிரை. இங்கே வெல்வது ஓர் இணை. வலத்தில் பழகிய மாடு இறந்தாலோ விற்கப்பட்டாலோ இடத்து மாட்டின் புகழும் அத்துடன் நின்றுவிடுவது உண்டு. தனி விலங்கின் பெயர் இம்மண்ணில் நிலைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பந்தய விலங்குகளின் வாழ்வைக் கடந்த அரை நூற்றாண்டில் நீதிமன்றங்களே பெரிதும் தீர்மானித்தன. சென்னைக் குதிரைப் பந்தயக் கழகத்தை அரசு எடுத்துக்கொள்ள 1986-இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதது என்று தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் வெறும் வாய்ப்பு விளையாட்டன்று, குதிரையின் பிறவித் திறன், பயிற்சி, ஓட்டுபவரின் தேர்ச்சி ஆகியவற்றால் முடிவாகும் திறன் விளையாட்டு என்பது அத்தீர்ப்பின் மையம். வம்சமும் பயிற்சியும் குதிரைக்குச் சட்டப் பாதுகாப்பாயின. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடைசெய்த தீர்ப்பில் அதே நீதிமன்றம் காளையின் உடலமைப்பை ஆராய்ந்தது: பீப்பாய் போன்ற உடலும் குறைவாக மடங்கும் மூட்டுகளும் விரைந்து ஓடுவதற்கு ஏற்றவை அல்ல, காளை பாரம் இழுக்கும் விலங்கே என்று கண்டது. வால் முறுக்குவது, சாட்டையாலும் கூர்ங்கருவியாலும் வருத்துவது முதலிய கொடுமைகளுக்கு அவ்வழக்கில் வைக்கப்பட்ட சான்றுகள் தள்ளிவிடத் தக்கவையல்ல. மாட்டின் மீது அன்புடைய எவரும் அவற்றை மறுக்க முற்படமாட்டார். ஆனால் எல்லா மாட்டினங்களுக்கும் ஒரே உடலமைப்பைக் கற்பித்தது, ஓட்டத்துக்கெனத் தெரிந்தெடுத்து வளர்த்த இனங்களின் வரலாற்றைக் கணக்கில் கொள்ளாத முடிவு என்றே தோன்றுகிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு ஆதரவாக மெரினாவிலும் தமிழகமெங்கும் எழுந்த போராட்டத்தைத் தொடர்ந்து தமிழ்நாடு சட்டமன்றம் அதனை அனுமதிக்கும் திருத்தச் சட்டம் இயற்றியது. அதனையும் மகாராட்டிரம், கருநாடகம் ஆகிய மாநிலங்களின் திருத்தங்களையும் 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஏற்றுக்கொண்டது.

ஓடும் உரிமை திரும்பக் கிடைத்த அதே காலத்தில் மேயும் உரிமை சுருங்கியது. பள்ளத்தாக்கின் இருபுறமும் உள்ள மலைகளில் ஆண்டின் பெரும்பகுதி மேய்ந்து, அறுவடை முடிந்த காலத்தில் இறங்கி வந்து, வயல்களில் கிடை போடப்படும் மாடுகளை மலை மாடு என்பர். கிடை போடுதல் என்பது இரவில் மந்தையை ஒரு வயலில் அடைத்து, அதன் சாணமும் கோமியமும் அந்நிலத்துக்கே உரமாகச் செய்வது; அதற்கு நிலத்துக்காரர் மந்தைக்காரருக்குக் கூலி கொடுப்பார். கிழக்குப்புற மலைத்தொடரில் 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அம்மாதமே அத்தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றுக்கு உரியதாகக் குறுக்கியது. புலிக்கும் காட்டுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் கொட்டிலில் தீவனம் போட்டு வளர்க்கும் பந்தய மாட்டின் குருதி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்றால், அது மலையேறி மேய்ந்த மந்தையில்தான் போய் நிற்கும். செங்குத்தான பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கிய தாய்ப்பசுவின் காலும் குளம்புமே கன்றுக்கு வருவன. அம்மந்தைகள் கலைந்தபின் சந்தையில் எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தக் கால்கள் கிடைக்கப்போவதில்லை.

மாட்டுப் பொங்கலன்று கம்பம் தொழுவுக்குச் சுற்று வட்டார உழவர்கள் இன்றும் பாலோடு வருகின்றனர். நேர்ந்துகொண்ட கன்றுகளைக் கொண்டுவந்து மந்தையில் விடுவோரும் உண்டு. மந்தைக்கு வெளியிலிருந்து புதிய குருதி வந்து சேரும் வழியாகவும் அக்காணிக்கை அமைந்துவிடுகிறது. எக்லிப்ஸின் எலும்புக்கூடு, லண்டனில் தொடங்கப்பட்ட அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இன்றும் நிற்கிறது. அதன் எலும்பையும் பல்லையும் சுரண்டி மரபணு ஆராய்ச்சி செய்யவும் முடிந்தது. பட்டத்துக் காளைக்கு எலும்புக்கூடு இல்லை. அது மஞ்சள் குங்குமத்தோடு மண்ணுக்குள் இறக்கப்பட்டு, புதைத்த இடம் புல் மூடிப்போகும். பின்னர் ஒரு நல்ல நாளில் மந்தை கூட்டப்படும், கர்ப்பூரம் ஏற்றப்படும், ஒரு கட்டுக் கரும்பு அவிழ்க்காமல் தரையில் வைக்கப்படும்.